மூன்று சக்கரத் தள்ளுவண்டி: ஒரு சைக்கிள் மெக்கானிக் ஏமாந்த கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் குழந்தைத் தள்ளுவண்டி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நான்கு சக்கரம் பழசு, மூன்று சக்கரம் புதுசு, லேசாகத் திரும்பும், பார்க்கவும் அழகு, ஆகவே மூன்றையே வாங்குங்கள் என்று முடித்திருந்தார்கள். நான் 38 வருடம் சைக்கிள் ரிப்பேர் செய்தவன். சக்கரத்தை எண்ணி வண்டி வாங்கச் சொல்வதைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அதே தப்பை நானும் செய்து, வீட்டில் ஒரு வருடம் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். தள்ளுவண்டி என் பொறுப்பு, சக்கரத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்று தனியாகக் கிளம்பிப் போனேன். வரிசையாக நின்ற வண்டிகளில் ஒன்று கண்ணைப் பறித்தது. மூன்று சக்கரமும் 16 அங்குலம், ஸ்போக் போட்டவை, காற்றடிக்கிற டயர். முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தை விரலால் சுண்டிவிட்டேன். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ரிம்மில் துளி கோட்டம் இல்லை, பேரிங் பட்டு மாதிரி. இதற்கு மேல் என்ன வேண்டும்? வாங்கிவிட்டேன்.

மகள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "அப்பா, பிறந்த குழந்தை இதுல எப்படிப்பா படுக்கும்?" என்றாள். சீட்டைச் சாய்த்துப் பார்த்தேன். பாதியோடு நின்றுவிட்டது. பச்சிளங்குழந்தைக்குக் கழுத்து நிற்காது. அரைகுறையாகச் சாய்ந்த சீட்டில் உட்காரவைத்தால் தலை முன்னால் விழுந்து, தாடை நெஞ்சில் முட்டி, மூச்சுக்குழல் நெருக்கப்படும். முதல் சில மாதங்களுக்கு முழுக்கப் படுக்கையாகிற சீட் வேண்டும், அல்லது வண்டியின் சட்டத்தில் பொருத்துகிற தொட்டில் வேண்டும். நான் வாங்கியது ஓட்டக்காரர்களுக்கான வண்டி, அதாவது குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடுவதற்கானது. குழந்தைக்கு ஆறு மாதமாவது ஆகாமல், அதுவும் டாக்டரைக் கேட்காமல், அதில் வைத்து ஓடக் கூடாது. அதன் கையேட்டின் இரண்டாம் பக்கத்திலேயே இது இருந்தது. நான் பேரிங்கைப் பார்த்தேன், குழந்தையை மறந்துவிட்டேன்.

அத்தோடு முடியவில்லை. அதன் முன்சக்கரம் நேராக நிற்கிற நிலையான சக்கரம், திரும்பாது. திருப்ப வேண்டுமானால் கைப்பிடியை அழுத்தி முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டே வளைக்க வேண்டும். திறந்த வழியில் இது ஒரு பாடே இல்லை. வீட்டு நடைவழியிலும் லிஃப்டுக்குள்ளும்தான் உயிர் போகும். லிஃப்ட் கதவு 80 சென்டிமீட்டர், வண்டியின் பின்னகலம் 67. நுழைந்துவிட்டது. ஆனால் நீளம் 120 சென்டிமீட்டர் என்பதால் உள்ளே போனபின் கதவு மூடவில்லை. மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு படியில் தூக்கிப் போனார். அடுத்த ஏழெட்டு மாதம் அந்த அருமையான பேரிங் வண்டியில் துணி காய்ந்தது.

சரி, அப்படியானால் மூன்று சக்கரம் வேண்டாமா என்றால், அதுவும் இல்லை. மூன்றுக்கு என்று ஒரு குணம் இருக்கிறது. முக்காலியையும் நாற்காலியையும் மேடுபள்ளமான தரையில் போட்டுப் பாருங்கள். நாற்காலியில் ஒரு கால் அந்தரத்தில் நின்று டக்டக்கென்று ஆடும். முக்காலி எங்கே போட்டாலும் மூன்று காலையும் ஊன்றி நிற்கும். தள்ளுவண்டியிலும் அதே கதைதான். கல், மண், புல் எதுவானாலும் மூன்று சக்கரமும் தரையில் பதிந்திருக்கும். மேட்டில் ஏறும்போது ஒரே ஒரு முன்சக்கரத்தைத் தூக்கிவைத்தால் போதும். ஓட்டக்காரர்களுக்கான இந்த வகையே சைக்கிளிலிருந்து வந்ததுதான். 1984 வாக்கில் அமெரிக்காவில் ஃபில் பெக்லர் என்பவர் தன் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஓட ஆசைப்பட்டு, தள்ளுவண்டியில் சைக்கிள் சக்கரங்களைப் பொருத்தினார். அவர் பத்திரிகைக்காரர் என்பது உங்களுக்குப் பிடிக்கும். சக்கரம் எங்கள் ஆளுடையது என்பது எனக்குப் பிடிக்கும்.

ஆனால் முக்காலிக்கு இன்னொரு குணமும் உண்டு. ஆடாது, கவிழும். இரண்டு காலுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தின் பக்கம் சாய்ந்தால் போயிற்று. நான்கு சக்கர வண்டிக்கு முன்னால் இரண்டு மூலைகள் உண்டு. மூன்று சக்கர வண்டிக்கு அந்த மூலைகள் கிடையாது. முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். குழந்தையின் பாரம் அந்தக் கோட்டைத் தாண்டினால் வண்டி பக்கவாட்டில் சரியும். ஆகவே பின்சக்கரங்களுக்கு இடையே அகலம் வேண்டும், சீட் தாழ்வாக இருக்க வேண்டும், பாரம் பின்னச்சை ஒட்டி விழ வேண்டும். அகலம் கூடினால் கதவில் இடிக்கும். இரண்டுக்கும் நடுவில் உங்கள் வீட்டுக்கு எது ஒத்துவரும் என்பது கடையில் தெரியாது. கதவையும் லிஃப்டையும் வைக்கிற மூலையையும் அளந்து ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போக வேண்டும். இரண்டாவது வண்டிக்கு மகள் அப்படித்தான் டேப்போடு போனாள். என்னைக் கூப்பிடவில்லை.

அவள் வாங்கியதும் மூன்று சக்கரம்தான். சீட் முழுக்கப் படுக்கும். முன்சக்கரம் 12 அங்குலம், இஷ்டப்படி சுழலும், வேண்டும்போது ஒரு பித்தானை அழுத்தி நேராகப் பூட்டலாம். கட்டுரை எழுதியவர் ஒரு வரிகூடச் சொல்லாத விஷயம் இந்தப் பூட்டுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சூப்பர்மார்க்கெட் டிராலியை வேகமாகத் தள்ளினால் முன்சக்கரம் ஒன்று படபடவென்று அடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் தொழிலில் வாப்ளிங் என்போம். சுழலும் சக்கரத்தின் அச்சு, அது திருகுகிற முளைக்குச் சற்றுப் பின்தள்ளி இருக்கும். அதனால்தான் தள்ளுகிற திசைக்கு அது தானாக வந்து சேர்கிறது. நடக்கிற வேகத்தில் இது சுகம், ஒரு விரலால் வளைக்கலாம். வேகம் கூடினால் சின்னக் கல் தட்டினாலும் சக்கரம் இடமும் வலமும் உதற ஆரம்பிக்கும். உதறி உதறிக் குறுக்கே திரும்பிவிட்டால் வண்டி அப்படியே நிற்கும், தள்ளுகிறவர் வேகத்தில் அது குப்புறப் போகும். நான்கு சக்கரத்தில் இன்னொரு முன்சக்கரம் தாங்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இதில் இருப்பதே ஒன்று.

ஆகவே கடைக்குள்ளே, வீட்டுக்குள்ளே, கூட்டத்தில் சுழலவிடுங்கள். கரடுமுரடான பாதை, இறக்கம், வேக நடை என்றால் பூட்டிவிடுங்கள். பூட்டே இல்லாத குட்டிச் சக்கர வண்டியை வைத்துக்கொண்டு ஓடவே ஓடாதீர்கள். பூட்டு இருந்தாலும் எல்லா வண்டியும் ஓடுவதற்கு ஆனதல்ல. மூன்று சக்கரம் இருப்பதாலேயே ஒன்று ஓட்ட வண்டி ஆகிவிடாது. கையேட்டில் ஓடலாம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாக இருந்தாலும். பேத்திக்கு அப்போது பத்து மாதம். நடைபாதையிலிருந்து கீழே இறக்கும்போது சோம்பேறித்தனமாகச் சாய்வாக விட்டேன். ஒரு பின்சக்கரம் மட்டும் இறங்கியது. அதே நேரம் அந்தப் பக்கம் போன நாயைப் பார்க்க அவளும் எட்டிச் சாய்ந்தாள். எதிர்ப்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பியதைப் பார்த்தேன். கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததால் நின்றது. தோளிலும் இடுப்பிலும் கால்களுக்கு நடுவிலும் ஐந்து இடத்தில் பூட்டுகிற பட்டை மட்டும் இல்லாவிட்டால் அவள் நாயோடு போயிருப்பாள். அவளுக்கு அது வேடிக்கை, கைதட்டினாள். எனக்கு முழங்கால் நடுக்கம் நிற்க அரைமணி ஆயிற்று. மேட்டிலிருந்து இறக்கும்போது நாம் முதலில் இறங்கி, வண்டியைப் பின்னோக்கி இழுத்து, இரண்டு பின்சக்கரத்தையும் ஒன்றாக இறக்க வேண்டும்.

படிகளின் ஓரத்தில் இரண்டு தடமாகச் சரிவுப் பாதை போட்டிருப்பார்களே, அது மூன்று சக்கரத்துக்கு உதவாது. நடுச்சக்கரத்துக்குத் தடம் எங்கே? உங்கள் வழியில் அப்படி ஒன்று தினமும் வருமானால் மூன்று சக்கரத்தை மறந்துவிடுங்கள், அவ்வளவுதான். சாக்கடைக் கம்பி மூடி, தண்டவாளம் போன்ற இடங்களில் ஒல்லியான முன்சக்கரம் இடுக்கில் இறங்கிவிடும், குறுக்கே கடக்க வேண்டும்.

காற்று டயரா, ஃபோம் டயரா என்று பலர் கேட்கிறார்கள். ஃபோமுக்குப் பஞ்சர் இல்லை, காற்று டயருக்குக் குலுக்கல் குறைவு. வழவழப்பான தரையில் மட்டும் தள்ளுகிறவர்களுக்குக் காற்று டயர் வீண் வேலை. பங்க்சர் கடைக்காரன் நானே இதைச் சொல்கிறேன். காற்றென்றால் எத்தனை அழுத்தம் என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும், எங்கள் வண்டிக்கு 30 பி.எஸ்.ஐ. பெட்ரோல் பங்க் கம்ப்ரஸரில் அடிக்காதீர்கள், கண் இமைக்கும் நேரத்தில் அந்தக் குட்டி ட்யூப் வெடிக்கும். கைப்பம்பு போதும். வண்டி ஒரு பக்கமாகவே இழுத்தால் முதலில் பின்சக்கரங்களில் காற்று சமமா என்று பாருங்கள். அப்புறம்தான் முன்சக்கரத்தின் அலைன்மென்ட். சமதரையில் காலி வண்டியை நேராகத் தள்ளிக் கையை எடுத்துவிட்டால் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். நல்ல ஓட்ட வண்டிகளில் அதைச் சரிசெய்ய முன்னச்சின் அருகே ஒரு திருகு இருக்கும்.

முன்சக்கரம் நெம்புகோலைத் தூக்கினால் கழன்று வருகிற குவிக் ரிலீஸ் வகையானால், ஒவ்வொரு தடவையும் முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தின் மேல் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். சைக்கிளில் நாங்கள் செய்கிறதுதான். அசைந்தால் வெளியே எடுக்காதீர்கள்.

கைப்பிடியில் பை மாட்டுவது இன்னொரு பழக்கம். குழந்தை உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. குழந்தையைத் தூக்கிய கணம் பையின் பாரத்தில் வண்டி பின்னால் மல்லாந்துவிடும். பை கீழ்க் கூடைக்குப் போகட்டும். மடிக்கும்போது குழந்தையின் விரல் கீலுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. 2009-இல் அமெரிக்காவில் கீலில் விரல் நுனி துண்டான புகார்களால் ஏறக்குறைய பத்து லட்சம் தள்ளுவண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள்.

கடையில் காலி வண்டியை வழவழப்பான தரையில் தள்ளிப் பார்த்தால் எல்லா வண்டியும் தேர்தான். பத்துக் கிலோ பாரத்தைச் சீட்டில் பட்டை போட்டு வைத்து, ஒரு கையால் வளைத்து, பிரேக் போட்டு, மடித்து, ஒரு தடவை தூக்கியும் பார்க்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

முதல் வண்டி இப்போது துணி காயப்போடும் வேலையிலிருந்து விடுபட்டுவிட்டது. பேத்தி தானாக நிமிர்ந்து உட்கார ஆரம்பித்து, டாக்டரும் சரி என்ற பிறகு, மாப்பிள்ளை காலையில் அதில்தான் அவளை வைத்து ஓடுகிறார். நிலையான முன்சக்கரம் அம்பு மாதிரி போகிறது. பேரிங்கைப் பற்றி அவர் ஒருநாள் நல்ல வார்த்தை சொன்னார். அதை மகளிடமும் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன்.

கடைசியாக உங்கள் கட்டுரையோடு வந்த படத்தைப் பற்றி. ஒரு இளம்பெண் இறக்கத்தில் ஓடுகிறார். முன்சக்கரம் உள்ளங்கை அளவு, பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. வண்டியையும் மணிக்கட்டையும் இணைக்க வேண்டிய கைப்பட்டை சும்மா தொங்குகிறது. குழந்தையின் தோளில் போடுகிற பட்டை பூட்டவில்லை. கைப்பிடியில் பெரிய பை. குழந்தைக்கு நான்கு மாதம்கூட இருக்காது. அடுத்த முறை அந்தப் படத்தை மட்டுமாவது மாற்றிப் போடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சைக்கிள் மெக்கானிக் ஒருவர்