47-க்கும் 47-க்கும் நடுவில் இருப்பதை வெளியிடுங்கள்: தேசிய ஹாக்கி லீகுக்கு ஒரு திறந்த மடல்

வட அமெரிக்காவில் பனி ஹாக்கி நடத்தும் தேசிய ஹாக்கி லீகின் புள்ளிவிவரப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பஞ்சாபியில் வர்ணனை ஒலிக்கிற ஆட்டம் இது. தமிழில் ஒரு மடல் வந்தால் குடி முழுகிவிடாது என்ற தைரியத்தில் எழுதுகிறோம்.

2025 அக்டோபரில் லூக் ஹியூஸ் நியூ ஜெர்சி டெவில்ஸோடு 7 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஆண்டுக்குச் சராசரி 90 லட்சம் டாலர். மினசோட்டா வைல்டின் ப்ராக் ஃபேபர் 2024 கோடையில் போட்டது 8 ஆண்டுக்கு. ஆண்டுக்கு 85 லட்சம். அன்றிலிருந்து பழைய பஞ்சாயத்து மறுபடி கூடிவிட்டது. இந்த இரண்டு இளம் டிஃபென்ஸ் (தடுப்பு வரிசை) ஆட்டக்காரர்களில் நாளைக்குப் பெரிய ஆளாக வரப்போவது யார்?

பஞ்சாயத்தில் வைக்கப்படும் சாட்சியம் உங்களுக்கே மனப்பாடம். 2023-24 பருவத்தில் இருவரும் 82 ஆட்டமும் ஆடினார்கள். ஃபேபர் 8 கோல், 39 அசிஸ்ட் (கோலுக்கு உதவிய பாஸ்). ஹியூஸ் 9 கோல், 38 அசிஸ்ட். இரண்டையும் கூட்டினால் ஆளுக்கு 47 புள்ளி. அடுத்த பருவத்தில் ஹியூஸ் 71 ஆட்டத்தில் 44, ஃபேபர் 78 ஆட்டத்தில் 29. முதல் வருடம் சமம், இரண்டாம் வருடம் ஹியூஸ் முன்னே, தீர்ப்பு எழுதியாயிற்று, கலைந்து போகலாம். இப்படிப் பேசுகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. உங்கள் தளத்தில் கைக்கு எட்டுகிற இடத்தில் கிடப்பது அந்த எண்தான்.

ஆகவே எங்கள் கோரிக்கையை முதலிலேயே வைத்துவிடுகிறோம். ஒவ்வொரு டிஃபென்ஸ் ஆட்டக்காரரும் தன் நீலக்கோட்டில், அதாவது தன் பகுதி தொடங்கும் இடத்தில், பக்கோடு (ஆட்டத்தின் ரப்பர் வட்டோடு) வருகிறவரை எத்தனை முறை எதிர்கொண்டார், அதில் எத்தனை முறை உள்ளே விடாமல் நிறுத்தினார், மூலையில் வீசப்பட்ட பக்கை எடுத்து எத்தனை முறை தன் அணியின் கட்டுப்பாட்டிலேயே வெளியே கொண்டுவந்தார். இந்த மூன்று எண்களைத் தயவுசெய்து வெளியிடுங்கள்.

அந்த இரண்டு 47-ம் ஒன்றல்ல என்பதற்கு உங்கள் பதிவேட்டிலேயே தடயம் உண்டு. ஃபேபர் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 24 நிமிடம் 58 வினாடி பனியில் நின்றார். ஹியூஸ் 21 நிமிடம் 28 வினாடி. மூன்றரை நிமிட வித்தியாசம் என்றால் சின்னதாகத் தெரியும். 82-ஆல் பெருக்கினால் 287 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து முழு ஆட்டம். மினசோட்டாவின் அணித்தலைவர் ஜாரெட் ஸ்பர்ஜன் 16 ஆட்டத்தோடு காயத்தில் ஒதுங்கிவிட, அவர் சுமந்த எதிரணியின் முதல் வரிசையும் பெனால்டி கில்லும் (தண்டனையால் சொந்த அணியில் ஆள் குறைந்த நேரத் தடுப்பும்) ஒரு புதுமுகத்தின் தலையில் விழுந்தன. விலா எலும்பு முறிவோடுதான் அவர் அந்தப் பருவத்தின் பிற்பகுதியை ஆடினார் என்பது பிறகு தெரியவந்தது. அந்தப் பக்கம் நியூ ஜெர்சியின் டகி ஹாமில்டன் 20 ஆட்டத்தோடு மார்புத் தசை கிழிந்து ஒதுங்க, ஹியூஸுக்கு முதல் பவர் பிளேயின் (எதிரணியில் ஆள் குறைந்த நேரத்தின்) மேல்முனை கிடைத்தது. அவருடைய 47-இல் ஏறத்தாழ பாதி அங்கிருந்து வந்தது. ஒருவருக்கு வந்த காலியிடம் புள்ளி தரும் இடம். மற்றவருக்கு வந்தது அடி வாங்கும் இடம்.

உடனே சிலர் ஹியூஸின் மைனஸ் 25-ஐத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதுவும் நியாயமில்லை. பிளஸ்-மைனஸ் (பனியில் இருக்கும்போது சொந்த அணி அடித்த கோலுக்குக் கூட்டல், வாங்கிய கோலுக்குக் கழித்தல்) எப்படிக் கூட்டப்படுகிறது என்று உங்களுக்குத் தெரியும், பேசுகிறவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. சொந்த அணி பவர் பிளேயில் கோல் அடித்தால் பனியில் இருப்பவருக்குப் பிளஸ் இல்லை. அதே பவர் பிளேயில் எதிரணி ஓர் ஆள் குறைவாக நின்றபடி கோல் அடித்துவிட்டால் மைனஸ் உண்டு. தோற்றுக்கொண்டிருக்கும்போது கோலியை வெளியே இழுத்து ஆறாவது ஆளை இறக்கினால், காலி வலையில் விழுகிற ஒவ்வொன்றும் மைனஸ். பவர் பிளேயின் தலைமையும் கடைசி நிமிட முற்றுகையும் யார் பொறுப்போ, இந்தக் கணக்கு அவரைத்தான் அதிகம் குத்தும். அந்த வருடம் டெவில்ஸ் கோலிகளின் நிலை என்ன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் கோலிகளை மாற்றியதே அந்த அணிதான். ஃபேபரைப் புகழ 47 போதாது, ஹியூஸை இகழ மைனஸ் 25 செல்லாது.

வேலை நடக்கிற இடம் நீலக்கோடு. எதிராளி நடுப்பகுதியில் வேகமெடுத்து வருகிறார். பின்னோக்கிச் சறுக்கும் டிஃபென்ஸ் ஆட்டக்காரர் நீலக்கோட்டை எட்டும்போது இடைவெளி ஒரு மட்டை நீளத்துக்குள் சுருங்கியிருக்க வேண்டும். இடைவெளி பெரிதானால் எதிராளி பக்கோடு நடந்தே உள்ளே வருவார். இடைவெளியை அவசரத்தில் குறைத்தால் இடுப்பைத் திருப்பவைத்து வெளிப்பக்கமாகத் தாண்டிப் போய்விடுவார். சரியாக அமைந்தால் எதிராளிக்கு வழியில்லை: பக்கை மூலைக்கு வீசிவிட்டுத் துரத்த வேண்டும். பக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே வந்தால், வீசிவிட்டு வருவதைப்போல இரு மடங்குக்கு மேல் ஷாட் கிடைக்கிறது என்று 2013-இலேயே ஓர் ஆய்வு காட்டியது. தன்னார்வலர்கள் கையால் எண்ணிச் செய்த ஆய்வு அது. அதை எழுதியவர்களில் ஒருவரான எரிக் டல்ஸ்கி இன்றைக்குக் கரோலினா ஹரிகேன்ஸின் பொது மேலாளர். உங்கள் லீகே ஏற்றுக்கொண்ட அறிவு இது என்பதற்கு வேறு சான்றிதழ் வேண்டுமா?

மூலையில் பக் விழுந்த பிறகு இரண்டாம் பாடம். திரும்பி ஓடுகிறவர் பக்கைத் தொடுமுன் தோளுக்கு மேல் ஒரு பார்வை, முடிந்தால் இரண்டு. துரத்தி வருகிறவர் எந்தப் பக்கம் என்று பார்த்து அரை வினாடியில் முடிவு: கோலுக்குப் பின்னால் சுற்றி ஓடுவதா (வீல்), வந்த வழியே ஓரப் பலகையில் அடித்துப் பின்னால் விடுவதா (ரிவர்ஸ்), எதிர்ப்பக்கக் கூட்டாளிக்குத் தள்ளுவதா (ஓவர்), பலகையோடு சுற்றியடிப்பதா (ரிம்). கடைசியது பாதுகாப்பாகத் தெரியும்; பெரும்பாலும் நீலக்கோட்டில் காத்திருக்கும் எதிராளியிடமே போய்ச் சேரும். ஹியூஸின் பெரிய பலம் இங்கேதான். 6 அடி 2 அங்குல ஆள், சறுக்குக்கத்தியின் விளிம்பில் ஒரு திருப்பத்தில் துரத்தி வருகிறவரைக் கழற்றிவிடுகிறார். ஃபேபர் அப்படிக் கழற்றுவது அரிது. துரத்துகிறவர் வந்து சேருமுன்பே பக் அவர் மட்டையை விட்டுப் போயிருக்கும். இரண்டும் வெளியேறும் வழிதான். எது அதிகம் பலிக்கிறது, எது பிடிபட்டால் கோலில் முடிகிறது? உங்கள் பதிவேட்டில் இதற்கு இடமே இல்லை. பக்கை இழந்தால் பதிவு உண்டு. அதுவும் உள்ளூர் அரங்கின் பதிவாளர் கண்ணைப் பொறுத்தது. பக்கை அதிகம் வைத்திருப்பவர்தான் அதிகம் இழப்பார் என்ற எளிய நியாயமும் அதில் கிடையாது.

இந்த எண்கள் இல்லாததால் ரசிகர் படும் பாட்டைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஆட்டத்தின் பதிவைப் போட்டு, ஒவ்வொரு முறை பக் நீலக்கோட்டைத் தாண்டும்போதும் நிறுத்தி, பின்னால் ஓட்டி, எழுத வேண்டும்: நேரம், யார் கொண்டுவந்தார், எடுத்துவந்தாரா வீசினாரா, எதிரே நின்றவர் யார், பனியில் எத்தனைக்கு எத்தனை. 60 நிமிட ஆட்டம் எண்ணுகிறவருக்கு ஓர் இரவு. இதில் பிழை நுழைகிற இடங்கள் ஏராளம். தொலைக்காட்சி கேமரா பக்கின் பின்னாலேயே போகும். நீண்ட பாஸ் ஒன்று வந்தால், அது விழுமுன் டிஃபென்ஸ் ஆட்டக்காரர் எங்கே நின்றார் என்பதே சட்டகத்தில் இருக்காது, ஆகவே இடைவெளியை அளக்க முடியாது. கேமராவுக்குக் கீழ்ப்பக்கப் பலகை ஓரத்தில் நடப்பதைப் பலகையே மறைக்கும். ஃபேஸ்-ஆஃப் (நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது) முடிந்த பிறகும் பயிற்சியாளரின் முகத்தையே காட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த நான்கு வினாடியில் ஒரு நுழைவு நடந்து முடிந்திருக்கும். ஆள் மாற்றத்துக்காகச் சும்மா வீசியதா, தடுத்ததால் வீசியதா என்பது எண்ணுகிறவரின் ஊகம். இருவர் சேர்ந்து நெருக்கினால் யார் கணக்கில் எழுதுவது என்று இரண்டு பேர் எண்ணினால் இரண்டு விடை. இப்படி 82 ஆட்டம், இரண்டு ஆள்.

இதே வேளையில் உங்கள் பக்கின் வயிற்றுக்குள் சென்சார் இருக்கிறது. ஆட்டக்காரரின் சட்டையில் இன்னொன்று. அரங்கின் மேலே கேமராக்கள். வினாடிக்குப் பல முறை யார் எங்கே, பக் எங்கே என்று 2021 முதல் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நாங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊகிக்கிற இடைவெளி உங்களிடம் அங்குலக் கணக்கில் தூங்குகிறது.

2023 அக்டோபரில் இந்தத் தரவில் ஒரு பகுதியைக் காட்டும் எட்ஜ் தளத்தைத் திறந்தபோது உண்மையாகவே மகிழ்ந்தோம். போய்ப் பார்த்தால் யார் எவ்வளவு வேகமாகச் சறுக்கினார், யார் எவ்வளவு வேகமாக அடித்தார், எத்தனை மைல் ஓடினார், எந்தப் பகுதியில் எத்தனை சதவீத நேரம். மைல் கணக்கு தசமம் வரை சுத்தம். சந்தையில் மாடு பிடிக்கிறவர்கூடப் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார். எவ்வளவு வேகமாக ஓடும் என்று மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்கு ஓட்டிவர மாட்டார்.

உங்கள் விருதுகளும் இந்த நோயின் அறிகுறிதான். கோல் அடிக்க இறங்கும் முன்வரிசைக்காரர் நன்றாகத் தடுத்தால் 1978 முதல் செல்கி விருது இருக்கிறது. தடுக்க இறங்கும் டிஃபென்ஸ் ஆட்டக்காரர் நன்றாகத் தடுத்தால் என்ன இருக்கிறது? சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரருக்கான நாரிஸ் விருது என்பீர்கள். ராட் லாங்வே 1983-இலும் 1984-இலும் வாங்கினார், புள்ளிப் பட்டியலில் தேட வேண்டிய ஆள். 2023-இல் எரிக் கார்ல்சன் 101 புள்ளியோடு வாங்கினார். அவர் பிளஸ்-மைனஸ் மைனஸ் 26. அந்த 101 அசாத்தியமான சாதனை, மறுக்கவில்லை. ஆனால் கரோலினாவின் ஜாக்கப் ஸ்லாவினுக்குக் கிடைத்தவை நன்னடத்தைக்கான லேடி பிங் விருதுகள், 2021-இலும் 2024-இலும். எதிராளியை விழுத்தாட்டாமலே பக்கை எடுத்துவிடுகிறார். அதைத் தடுப்பாட்டம் என்று எண்ணிச் சொல்ல எண் இல்லாததால் நல்ல பிள்ளை என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். வாக்களிப்பது எழுத்தாளர்கள், நாங்கள் இல்லை என்பீர்கள். சரி, அவர்கள் கையில் நீங்கள் கொடுத்தது என்ன?

மடல் வேறு பக்கம் போய்விட்டது, மன்னியுங்கள்.

இவ்வளவு பேசியவர்கள் தங்கள் கணிப்பைச் சொல்லாமல் நழுவக் கூடாது. ஃபேபர் 2002 ஆகஸ்டில் பிறந்தவர், ஹியூஸ் 2003 செப்டம்பரில். அவர் கல்லூரியில் மூன்று பருவம், இவர் இரண்டு. இந்த வயதில் ஒரு வருடம் பெரிய வித்தியாசம். ஃபேபர் முற்றிய கதிர். இன்றைக்கே அறுக்கலாம், ஓர் ஆட்டத்துக்கு 25 நிமிடம் தருவார், வலது மட்டைக்காரர் என்பதால் மதிப்பு இன்னும் கூடும். ஹியூஸ் பால் பிடிக்கிற பருவம். இரண்டாம் பருவத்தில் ப்ரெட் பெஷ் போன்ற தடுப்பாட்டத் துணை பக்கத்தில் வந்ததும் ஆட்டம் நிதானப்பட்டது. ஆனால் அந்த நிதானத்தில் பெஷின் பங்கு எவ்வளவு, ஹியூஸின் பங்கு எவ்வளவு? அதேபோல் ஃபேபரின் பக்கத்தில் யோனஸ் ப்ரோடின் நின்ற நிமிடங்களுக்கும் நிற்காத நிமிடங்களுக்கும் நீலக்கோட்டில் என்ன வித்தியாசம்? ஹியூஸின் தோள் ஒரு முறைக்கு மேல் அடிபட்டது. பலகை ஓரத்தில் பக்கை எடுக்கப் போகும் வேகம் அதற்குப் பிறகு குறைந்ததா? இவற்றுக்கு விடை தெரியாதவரை எங்கள் கணிப்பும் ஆரூடம்தான். பஞ்சாயத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் ஆரூடக்காரர்கள்தான்.

அணிகளின் ரகசியம் வெளியாகிவிடும் என்ற பதில் வரலாம். 32 அணிகளிடமும் உங்கள் தரவு இருக்கிறது. ஒருவரிடமிருந்து ஒருவர் மறைக்க அதில் எதுவும் இல்லை. மறைக்கப்படுவது டிக்கெட் வாங்குகிறவரிடம் மட்டும். ஆட்டக்காரர் சங்கத்தின் ஒப்புதல் வேண்டுமென்றால் கேட்டுப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் படம் போட்டு அலங்காரம் எதுவும் வேண்டாம். ஆட்டம் முடிந்த மறுநாள் காலை ஒரு சாதாரண அட்டவணை போதும்: ஆட்டக்காரர் பெயர், ஐந்துக்கு ஐந்து பேர் ஆடிய நிமிடங்கள் தனியே, பெனால்டி கில் தனியே, உடன் நின்ற துணை யார், பிறகு அந்த மூன்று எண்கள். கோட்டைத் தாண்டும்போது இருந்த சராசரி இடைவெளியையும் நான்காவதாகச் சேர்த்தால் கோடி நன்றி. சேமிப்பில் இருக்கும் பழைய பருவங்களையும் இதே வடிவில் தந்தால் இரண்டு 47-களையும் பிரித்துப் பார்த்துவிடலாம்.

லீகில் உள்ள எல்லா டிஃபென்ஸ் ஆட்டக்காரர்களுக்கும் ஒரேயடியாக முடியாதென்றால், மினசோட்டாவின் 7-ஆம் எண் சட்டைக்கும் நியூ ஜெர்சியின் 43-ஆம் எண் சட்டைக்கும் மட்டுமாவது முதலில் தாருங்கள். மீதியை அதுவரை நாங்கள் கையால் எண்ணிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு கையில் ரிமோட்டும் மறு கையில் பேனாவுமாக இருக்கும் ரசிகர்கள்