என் தம்பியைக் காத்துக் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். என் தம்பிக்கு வந்தது ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், மூன்றாம் நிலை. ஆறு சுற்று கீமோ முடிந்து, கடைசி ஸ்கேனும் நல்லபடியாக வந்துவிட்டது. யார் யாருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம் என்பதை நாலு பேர் அறியச் சொல்லியாக வேண்டும்.

முதல் நன்றி அறுவைச் சிகிச்சை மருத்துவருக்கு. கழுத்தில் நெறி கட்டினால் நம் ஊரில் முதலில் காசநோயைத்தான் நினைப்பார்கள். கதிரியக்கச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் இடங்களை ஒளியாகக் காட்டும் பெட் ஸ்கேனிலும் காசநோய், இந்தப் புற்றுநோய் இரண்டுமே ஒளிரும். ஊசியில் உறிஞ்சி எடுத்தது போதாது, நெறியை முழுசாக எடுத்துத்தான் பரிசோதிக்க வேண்டும் என்று பிடித்த பிடியில் நின்றீர்கள். நோய் இன்னதென்று தெரிந்தது அதனால்தான்.

ஸ்கேன் பிரிவு நர்ஸ் அக்காவைப் பற்றித் தம்பி இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறான். ஆறு மணி நேரம் பட்டினி. கதிரியக்கச் சர்க்கரையை ஏற்றிய பிறகு ஒரு மணி நேரம் பேச்சுமூச்சில்லாமல் படுத்திருக்க வேண்டும். ஏசியில் அவன் நடுங்குவதைப் பார்த்ததும் இரண்டு போர்வையைக் கொண்டுவந்து கழுத்துவரை போர்த்திவிட்டீர்கள். குளிர்ந்தால் கழுத்திலுள்ள பழுப்புக் கொழுப்பு அந்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், இளவயதுக்காரர்களுக்கு அது அதிகம், படத்தில் குழப்பிவிடும் என்று பிறகுதான் விளக்கினீர்கள்.

மழையில் எங்கள் வண்டி மாட்டிக்கொண்டபோது வரிசையை மாற்றிவைத்த டெக்னீஷியன் தம்பிக்கும் நன்றி. அந்தச் சர்க்கரை மருந்தின் கதிர்வீச்சு 110 நிமிடத்தில் பாதியாகிவிடுமாமே, தாமதித்தால் வீணாகியிருக்கும்!

இரண்டாம் சுற்றுக்குப் பிறகு எடுத்த படத்தை டாக்டர் அம்மா எங்கள் தாயாருக்குத் திரையிலேயே காட்டினீர்கள். "இது கல்லீரல். இது நெஞ்சு நடுவில் ஓடுற ரத்தம். கட்டி இருந்த இடம் அந்த ரத்தத்தைவிட மங்கலா இருக்கு பாருங்கம்மா." கட்டியின் ஒளிர்வை ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடும் டோவில் அளவுகோலில் இரண்டு; எண் குறைந்தால் நல்லது. ரிப்போர்ட் படிக்கத் தெரியாத அம்மா அதைத் தன் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொண்டார். அன்றுதான் அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

அந்தப் படத்தை வைத்துத்தான் மீதி நான்கு சுற்றிலும் நுரையீரலைப் பாதிக்கக்கூடிய ப்ளியோமைசின் என்ற கீமோ மருந்தை நிறுத்தினார் புற்றுநோய் மருத்துவர். தம்பி கபடியில் மூச்சுப் பிடித்துப் பாடிப் போகிறவன். அது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லி முடியாது. அப்படி நிறுத்தலாம் என்று காட்டிய ஆய்வு 2016-இல் வெளியானது. பிரிட்டன், இத்தாலி, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் 1,200-க்கும் மேற்பட்ட நோயாளிகள் அதில் சேர்ந்தார்கள். முகம் தெரியாத அவர்களையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

செலவுக்குப் பணம் திரட்டித் தந்த கபடிக் குழுப் பிள்ளைகளே, அடுத்த பரிசோதனை முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும். அம்மா சொல்லச் சொன்னார்.

நன்றியுடன்,
அவன் அக்கா