‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் இதையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்பவள் நான். என் வீட்டுக்காரர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகிறார். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது. கட்டணம் கிடையாது, குடியை விடும் எண்ணம் இருந்தால் போதும். ராயபுரம் பக்கம் ஒரு வகுப்பறையில், சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் படாத பாடு பட்டோம். டாஸ்மாக் எங்கே என்று கேட்டால் தெருவே வழி சொல்லும்!

உங்கள் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில், சொற்பொழிவுக்குப் பக்கத்தில், கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் இரண்டு வரி போடக் கூடாதா? குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்தையும் சேர்த்து.

அப்புறம், நடத்துகிறவர்களுக்கு ஒன்று: விடியுமுன் துறைமுகத்தில் நிற்கிறவர்களுக்கு ராத்திரிக் கூட்டம் ஒத்துவராது. ஏலம் முடிந்து, காலை பதினொரு மணிக்கு ஒன்று வையுங்களேன்.

ஒரு வாசகி, காசிமேடு