முதுகுப் பிடிப்பு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கிள்ளான் கிடங்கில் உன்னை சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்களாமே, விருந்து எப்போது? சுங்கை சிப்புட்டில் புதிதாக ஒன்றுமில்லை. மழை, டுரியான்; இளவட்டமெல்லாம் வேலை தேடி ஈப்போவுக்குப் போயாகிவிட்டது.

அக்கா மகனால்தான் வீட்டில் கவலை. குத்தகைக்காரர் ஒருவரிடம் வேலை செய்கிறான். செம்பனை ஆலைக்கு வந்த மோட்டாரை நாலு பேர் சேர்ந்து லோரியிலிருந்து இறக்கும்போது ஒருவனுக்குக் கை வழுக்கிவிட்டது. நாலு பேர் தூக்கினால் பாரம் நாலாகப் பிரியும் என்று நினைக்கிறோம். ஒருவன் விட்ட நொடியில் அது பக்கத்தில் நிற்பவன்மேல்தான் சாயும். இவன் உடம்பைத் திருப்பியபடி தாங்கியிருக்கிறான். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் எழ முடியவில்லை.

"வெறும் பிடிப்புதான், தைலம் தேய்ச்சுப் படு" என்றாராம் முதலாளி. அக்காவும் உருவிவிடும் பாட்டியைக் கூப்பிட்டுவிட்டாள். வலி தொடை வழியாகக் கால்வரை இறங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி. டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறதாம்.

விரல் நசுங்கினால் ரத்தம் தெரியும், உடனே ஓடுவார்கள். முதுகுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. விபத்து தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு, அதாவது மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு, தெரிவிக்க வேண்டும். டாக்டர் கொடுக்கும் எம்.சி. (மருத்துவ விடுப்பு) குறைந்தது 4 நாள் இருந்தால் தினக்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். இவன் முதல் நாளே கிளினிக் போகாததால், வேலையில் பட்ட அடிதான் என்று காட்ட இப்போது அலைகிறோம். கூட இருந்த வங்காளதேசத் தம்பி நடந்ததை எழுதிக் கொடுத்திருக்கிறான், நல்ல பிள்ளை. 2019 முதல் அவனுக்கும் சொக்சோ உண்டு என்பதை நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டான்!

அரசாங்க வழிகாட்டியில், உடம்போடு ஒட்டி இடுப்பு உயரத்தில் பிடித்தாலே ஓர் ஆணுக்கு 25 கிலோதான் கணக்கு. கையை நீட்டினால் இன்னும் குறையும். அந்த மோட்டாருக்குப் பாரம் தூக்கும் சங்கிலி பிளாக் வைத்திருக்க வேண்டும். வாடகைக்கு எடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

உன் கிடங்கில் எப்படி? சரக்கைத் தூக்கித் தள்ளும் பெல்லட் ஜேக் வண்டி ஓடுகிறதா, பையன்கள் முதுகில்தான் சுமக்கிறார்களா? இறக்குவதற்கு முன்பே அடியில் கட்டை போடச் சொல், விரலாவது தப்பும். அப்புறம், சொக்சோ மேல்முறையீடு பற்றித் தெரிந்தவர் அங்கே யாராவது இருந்தால் நம்பர் அனுப்பு.

உன் பழைய தோழன்