சனிக்கிழமைச் சம்பளமும் பரிசுத்தமும்

ஐயா,

கிறிஸ்தவ ஆலயத் திருவிழாக்களில் ஒலிபெருக்கிக்கும் சீரியல் விளக்குக்கும் ஆகும் செலவு பற்றிய தங்கள் ஞாயிறு தலையங்கம் படித்தேன். எல்லாம் கடவுளை மகிமைப்படுத்தத்தான் என்பது விழாக் குழுவினரின் பதில். சரி, ஆனால் பைபிளின் பழைய ஏற்பாட்டிலுள்ள லேவியராகமம் 19ஆம் அதிகாரம் 'பரிசுத்தராயிருங்கள்' என்று தொடங்கிவிட்டு விளக்கு அலங்காரம் பற்றிப் பேசவில்லை. கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே, வயலின் ஓரத்தை ஏழைக்கு விடு, தராசும் படிக்கல்லும் சரியாக இருக்கட்டும் என்கிறது. ஈரோடு மஞ்சள் மண்டிக்கும் எங்கள் ஊர் பனியன் கம்பெனிகளுக்கும் நேராகவே பொருந்தும் பேச்சு. மனிதர் நற்செயல்களைக் கண்டு பிதாவை மகிமைப்படுத்தும்படி வாழுங்கள் என்பதுதான் இயேசுவின் மலைப்பிரசங்கமும் (மத்தேயு 5:16).

நான் டைலராக இருந்த ஒரு கம்பெனியில் சனிக்கிழமைச் சம்பளம் புதன்வரை இழுக்கும். முதலாளியோ ஞாயிறு ஆராதனையில் முன்வரிசை (பாட்டும் நன்றாகவே பாடுவார்). மளிகைக்கடைப் பாக்கிக்குப் பயந்து நாங்கள் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவோம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறுகளில் ஆயர்களும் பங்குத்தந்தையரும் அந்த லேவியராகம அதிகாரத்தைச் சபையில் வாசித்து, வேலையாட்களின் பாக்கியைத் தீர்த்த பிறகே காணிக்கை கொண்டுவரும்படி முதலாளிகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு வாசகர்,
திருப்பூர்