ரோசிக்கு, பதினான்கு மாதம் கழித்து

மதுரை
தை 12

அன்புள்ள ரோசி,

நலம். நீயும் அண்ணனும் நலம்தானே? முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா, இல்லை வழக்கம்போல் வைத்தியமெல்லாம் அடுத்தவர்களுக்கு மட்டும்தானா?

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அம்மா போய்விட்டாள். ஐப்பசிக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை விடியற்காலை, தூக்கத்திலேயே. ஊருக்கெல்லாம் தம்பிதான் போன் போட்டான். ‘ரோசி அக்காவுக்கு?’ என்று கேட்டான். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் சொல்லவில்லை. அம்மா கையால் சாப்பிட்டவளுக்கு அம்மா செத்ததைச் சொல்லாமல் இருந்துவிட்டேன். இதற்கு நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

அன்று போனில் நீ சொன்னதில் தப்பே இல்லை. ‘ராத்திரிக்கு மட்டுமாவது ஒரு ஆளைப் போடு, கமலா. நீ படுத்துவிட்டால் அம்மாவை யார் பார்ப்பது?’ என்றாய். உன் அம்மாவாக இருந்தால் இப்படிச் சொல்வாயா என்று கேட்டுப் போனை வைத்தேன். உன் அம்மா நீ ஏழாம் வகுப்புப் படிக்கும்போதே போய்விட்டவர். அது தெரிந்தேதான் கேட்டேன், ரோசி. பதினான்கு மாதமாக உன் நம்பரைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வார்த்தைதான் முன்னால் வந்து நின்றது.

அம்மா போன விதத்தை நேரில்தான் சொல்ல முடியும். அந்தக் கடைசி எட்டு மாத ராத்திரிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதில் ஒரு புத்தகம் இருக்கிறது. நீயும் இருக்கிறாய்.

எம்.ஏ. முதல் வருடம் மூக்குப்பொடி சார் டாட்டல் தொகைநூல் நடத்தினாரே, ஞாபகம் இருக்கிறதா? 1557. லண்டன் ஃபிளீட் தெருவில் சட்டப் புத்தகம் அச்சடித்துக்கொண்டிருந்த ரிச்சர்ட் டாட்டல், அரண்மனைக்காரர்கள் கையெழுத்துப் பிரதியாகத் தங்களுக்குள் சுற்றவிட்ட காதல் கவிதைகளை அள்ளி அச்சில் போட்டார் என்று சொல்லிவிட்டு, சார் கண்ணை மூடிக்கொண்டு அதிலிருந்து கவிஞர் வயட் பாட்டைச் சொல்வார், சர்ரே பாட்டைச் சொல்வார். அதற்குப் பின்னால் வந்த பக்திப் பாட்டு, நீதிப் பாட்டுத் தொகைகளை மட்டும் ஒரே மூச்சில் தாண்டிப் போனார். ‘டிராப் ஏஜ்’, சோபையில்லாத காலம். இலக்கிய விமர்சகர் சி.எஸ். லூயிஸ் 1954-ல் வைத்த பெயர். லூயிஸ் அதை வசவாகச் சொல்லவில்லை, அலங்காரம் குறைந்த நடைக்கு ஓர் அடையாளமாகத்தான் சொன்னேன் என்றார். ஆனால் அந்தச் சொல் பிள்ளைகள் காதில் எப்படி விழும்? நானும் முப்பது வருடம் வகுப்பில் அதையே சொன்னேன். ‘தி பாரடைஸ் ஆஃப் டெயின்டி டிவைசஸ், 1576, குறித்துக்கொள்ளுங்கள், அடுத்தது.’ அந்தப் புத்தகத்தை ஒரு தடவைகூட முழுதாகப் படிக்காமல் அப்படிச் சொன்னது பெரிய தவறு. என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு நான் பட்ட கடன் அது.

அதைத்தான் அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். ஹைடர் ரோலின்ஸ் 1927-ல் பதிப்பித்தது, டேப்லெட்டில், வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. நாவல் எதுவும் ஓடவில்லை. பத்துப் பக்கம் போவதற்குள் அம்மா கூப்பிடுவாள், திரும்பி வந்தால் யார் யாரென்று மறந்திருக்கும். இந்தப் பாட்டுகள் ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம். அம்மா அடுத்து முனகுவதற்குள் ஒன்று முடிந்துவிடும்.

ரிச்சர்ட் எட்வர்ட்ஸ் என்று ஒருவர். எலிசபெத் ராணியின் தேவாலயப் பாடகர் குழுவில் சிறுவர்களுக்கு ஆசிரியர். தான் எழுதியது, மற்றவர்கள் எழுதியது என்று பிடித்த பாட்டுகளையெல்லாம் சேர்த்து வைத்திருந்தார். 1566-ல் இறந்துபோனார். பத்து வருடம் கழித்து, புனித பால் தேவாலய வளாகத்தில் கடை வைத்திருந்த ஹென்றி டிஸ்ல் கைக்கு அது வந்து அச்சேறியது. சேர்த்தவர் தன் சொந்த உபயோகத்துக்காகச் சேர்த்தது என்று டிஸ்ல் முன்னுரையில் எழுதுகிறார். அந்த வரியில் நான் வெகுநேரம் நின்றேன். பதிப்பாளர் கேட்டுத் தொகுத்ததில்லை. ஒரு மனிதர் தன் மனசுக்கு வேண்டும் என்று எழுதி வைத்த நோட்டு. 1606 வரை திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கிறது என்றால், அது எத்தனை பேர் மனசுக்கு வேண்டியிருந்திருக்கும் என்று பார்.

காதல் பாட்டும் இதில் உண்டு, ஆனால் கொஞ்சம். மற்றதெல்லாம் நிலையாமை, மன நிறைவு, பொய்யான சிநேகம், நாக்கை அடக்குவது, சாவுக்குத் தயாராவது. முதல் பாட்டே புனித பெர்னார்டு பெயரில் வழங்கிய லத்தீன் பாட்டின் மொழிபெயர்ப்புதான். சாலமோன் எங்கே, சாம்சன் எங்கே, அவ்வளவு பெரிய சீசர் எங்கே என்று வரிசையாகக் கேட்கும் பாட்டு. அதைத் தமிழில் அம்மாவுக்குச் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே ‘இது நம்ம பக்கத்துப் பாட்டுல்ல?’ என்றாள்.

மூக்குப்பொடி சார் தாண்டிப் போனதில் இன்னொன்று இருக்கிறது. இந்தப் புத்தகத்துக்குள் யார் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் உடம்பு சிலிர்க்கும். வில்லியம் ஹன்னிஸ் புராட்டஸ்டண்ட். கத்தோலிக்க மேரி ராணிக்கு எதிரான சதியில் சேர்ந்தார் என்று 1556-ல் பிடித்து லண்டன் டவர் சிறையில் அடைத்தார்கள். ஜாஸ்பர் ஹேவுட் ஏசு சபைப் பாதிரியார், கவிஞர் ஜான் டன்னின் தாய்மாமன். எலிசபெத் காலத்தில் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டு, பிறகு நாட்டைவிட்டே அனுப்பினார்கள். ஒரு ராணி இவரை அடைத்தாள், அடுத்த ராணி அவரை அடைத்தாள். ஆனால் பாட்டுப் புத்தகத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஈஸ்டர் பாட்டு ஹேவுட் எழுதியது. வெளியில் எந்தப் பூசை சரி என்று மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்த நாட்டில், அந்தப் பாட்டை எடுத்துவிடு என்று டிஸ்லுக்குத் தோன்றவில்லை. அல்லது தோன்றியும் எடுக்கவில்லை. இதைச் சோபையில்லாத காலம் என்று எந்த வாயால் சொன்னேன்?

உன் பாடகர் குழுவுக்கு ஒரு சேதி. இதில் பிரான்சிஸ் கின்வெல்மார்ஷ் எழுதிய கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்று இருக்கிறது, ‘களிகூருங்கள், களிகூருங்கள்’ என்று. வில்லியம் பைர்டு இசையமைத்து 1589-ல் வெளியிட்டார். அடுத்த டிசம்பருக்கு எடுத்துப் பார். வருடாவருடம் அதே நாலு பாட்டைப் பாடிச் சலித்துப் போயிருப்பீர்கள்.

அப்புறம், ரோமியோ ஜூலியட்டில் பீட்டர் வருவானே. ஜூலியட் செத்துவிட்டாள் என்று வீடே அழுகிறது, அவன் வாத்தியக்காரர்களிடம் ஒரு பாட்டு வரியைச் சொல்லி, இசைக்கு ஏன் வெள்ளி ஓசை என்று வம்பளக்கிறான். வகுப்பே சிரித்தது, நீ பெஞ்சுக்கடியில் குனிந்துகொண்டு சிரித்தாய். அந்தப் பாட்டு எட்வர்ட்ஸுடையது, இதே புத்தகத்தில் இருக்கிறது. துக்கம் நெஞ்சைப் பிடித்து நெருக்கும்போது இசைதான் மருந்து என்று வரும். எழுதியவர் செத்து முப்பது வருடத்துக்குப் பிறகும், சாவு வீட்டில் ஒரு வேலைக்காரன் வாயில் தானாக வந்து நிற்கிற அளவுக்கு அது ஊரோடு கலந்திருக்கிறது.

இதே சுவட்டில் மற்றதையும் தேடிப் படித்தேன். மெய்ட்ஸ்டன் ஊரில் ஜான் ஹால் என்று ஒரு அறுவை வைத்தியர். ‘வீனஸ் சபை’ என்ற காதல் பாட்டுத் தொகுப்பைப் பார்த்து மனம் கொதித்து, 1565-ல் ‘நல்லொழுக்கச் சபை’ என்று எதிர்ப் புத்தகம் போட்டார். வயட்டின் ‘என் லூட்டே, விழித்தெழு’ பாட்டை (லூட் என்பது வீணை மாதிரி ஒரு நரம்பு வாத்தியம்) எடுத்து, காதலியிடம் முறையிடுவதை நீக்கிவிட்டு, எழுந்து ஆண்டவரைத் துதி என்று ஆக்கினார். ஸ்காட்லாந்தில் இன்னும் ஒரு படி மேலே. ‘ஜான், வந்து முத்தம் கொடு’ என்ற தெருப்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு, கூப்பிடுகிறவர் கடவுள், ஜான் என்பது மனிதகுலம் என்று பாடினார்கள். ஆடி மாதம் எங்கள் தெரு முனையில் சினிமா மெட்டில் அம்மன் பாட்டுப் போடும்போது நான் ஜன்னலைச் சாத்துவேன் என்று உனக்குத் தெரியும். போன ஆடியில் சாத்தவில்லை. மெட்டு ஏற்கெனவே வாயில் இருக்கிறது, சாமியையும் அங்கேயே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று நினைத்தவர்கள் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள். ஆனால் ஹாலுடைய பாட்டு வயட்டின் பாட்டுக்குப் பக்கத்தில் நிற்காது. அதையும் சொல்லத்தான் வேண்டும். கோபம் இருக்கிறது, பாட்டு இல்லை.

எட்வர்ட்ஸிடம் பாட்டு இருக்கிறது. இனி வருவதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

புரட்டாசியில் ஒரு ராத்திரி. அம்மா மூன்றாவது தடவை படுக்கையை நனைத்துவிட்டாள். நான் திட்டினேன். மெதுவாக இல்லை, சத்தமாக. அவளைப் புரட்டி, துணி மாற்றி, ரப்பர் ஷீட்டைத் துடைத்து, முதுகில் பவுடர் போட்டுவிட்டு, கை நடுங்க உட்கார்ந்து டேப்லெட்டைத் திறந்தால் இந்தப் பாட்டு வருகிறது. தூங்கலாம் என்று படுக்கைக்குப் போன ஒருவன் காதில், ஒரு பெண் தன் குழந்தைக்குப் பாடுவது விழுகிறது. குழந்தை வெகுநேரமாக அழுகிறது, பால் குடித்துக்கொண்டே அழுகிறது. அவள் பெருமூச்சு விடுகிறாள், இனிமையாகவும் பாடுகிறாள். கண்விழித்துக் கண்விழித்து அலுத்துப்போனவள். ஆட்டுகிறாள், திட்டுகிறாள், கடைசியில் அது அவளைப் பார்த்துச் சிரிக்கிறது. அப்போது அவள் சொல்கிறாள்: உண்மையான சிநேகிதர்கள் பிணங்குவது அன்பு புதிதாவதற்கே. அவன் எழுந்து காகிதமும் பேனாவும் எடுத்து அதை எழுதி வைக்கிறான்.

ஆட்டுகிறாள், திட்டுகிறாள். திட்டியதை எட்வர்ட்ஸ் மறைக்கவில்லை, ரோசி. நீதி சொல்லும் பாட்டில் அந்த ஒரு சொல்லை வைத்திருக்கிறார். நான் அப்படியே அழுதேன்.

அந்தக் கடைசி வரி டெரன்ஸ் என்ற ரோமானிய நாடகாசிரியருடையது. அங்கே அது காதலர் சண்டை. எட்வர்ட்ஸ் பாட்டுக்குத் தலைப்பாக லத்தீனை வைத்துவிட்டு, உள்ளே சிநேகிதர்கள் என்று மாற்றிவிட்டார். நமக்குக் காதலர் பிணக்குக்கு ஊடல் என்று அழகாக ஒரு சொல் இருக்கிறது. சிநேகிதிகள் பிணக்குக்கு என்ன இருக்கிறது? சின்னப் பிள்ளைகளின் காயும் பழமும்தான். ஒவ்வொரு பத்தி முடிவிலும் அந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது. வரும்போதெல்லாம் உன் முகம் வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. வேண்டாம் என்று மூடி வைத்தேன். மறுநாள் திரும்பத் திறந்தேன்.

அப்புறம்தான் அதன் அளவு காதில் பட்டது. வரிக்குப் பதினான்கு அசை, நான் வகுப்பில் ‘லொடலொட’ என்று சொன்ன அதே நீள வரி. எட்டாவது அசையில் மூச்சு விட்டால் எட்டும் ஆறுமாகப் பிரியும். எட்டும் ஆறும் என்றால் உங்கள் கீர்த்தனைப் புத்தகத்தின் ‘காமன் மீட்டர்’. ஸ்டெர்ன்ஹோல்டு சங்கீதங்களை ஆங்கிலத்தில் பாட்டாக்கியதும் இந்த அளவில்தான். அப்படியென்றால் ‘அமேசிங் கிரேஸ்’ மெட்டில் இதைப் பாடலாம். ஹாஸ்டல் மொட்டை மாடியில், துணி காயப்போட்டுக்கொண்டே நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த மெட்டு. முணுமுணுத்துப் பார்த்தேன். ஒரு அசைகூடப் பிசகாமல் உட்கார்ந்தது.

அதிலிருந்து தினமும் ராத்திரி அதுதான் அம்மாவுக்குத் தாலாட்டு. வார்த்தை அவளுக்குப் புரியாது. கட்டில் சட்டத்தில் விரலால் தட்டிக்கொண்டே பாடுவேன். ஐப்பசியில், போவதற்கு ஒரு வாரம் முன்னால் இருக்கும், பாடிக்கொண்டிருக்கும்போது கண்ணைத் திறந்து வாசல் பக்கம் பார்த்தாள். ‘ரோசி வந்திருக்காளா?’ என்று கேட்டாள்.

நாளைக்கு வருவாள் அம்மா என்றேன்.

அதனால் வா. மாசி பிறந்ததும் வா, அண்ணனையும் கூட்டிக்கொண்டு வா, சிவப்பு சைக்கிள் கதையை அவரிடம் சொல்லமாட்டேன். அம்மா பாத்திரங்களைத் தம்பி பெண்டாட்டியோடு உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறோம். அடியில் கிடந்த தூக்குவாளிக்குள் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது: ரோசி, 1983. நீ லீவுக்கு வரும்போதெல்லாம் காபி குடித்தது. பெயர் வெட்டியதை எனக்கே அவள் சொல்லவில்லை. புளி போட்டுத் தேய்த்து அலமாரியில் வைத்திருக்கிறேன்.

கமலா