மறுக்கும் மனமும் மறுக்க முடியாத பசியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முன்பணம் பெற்றுச் செங்கற்சூளைக்குச் செல்வது வறியவரின் சொந்த விருப்பமே என்று வாதிடுவோர் சென்னையில் இன்றும் உண்டு. அவர்களில் எவரும் சூளையில் கல் அறுத்தவராகத் தெரியவில்லை. பொருளாதார நெருக்கடியால் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழான ஊதியத்துக்கு உழைப்பதும் அரசமைப்பின் 23ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. அதனால் அப்படி உழைப்பவருக்குச் சுயவிருப்பமே இல்லை என்றாகிவிடாது. திருவள்ளூர்ப் பக்கத்துச் சூளையிலிருந்து துணிந்து வெளியேறி, 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் விடுதலைச் சான்று கேட்டு நிற்பவரும் அதே வறுமையில் உழல்பவர்தாம். மறுக்கும் மனம் அவரிடம் உள்ளது. மறுத்தபின் உண்ணத்தான் வழியில்லை. மீட்கப்பட்டோருக்குரிய உடனடி நிதியுதவியைத் தாமதமின்றி வழங்க அரசு ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.